அரசு ஒழிந்த மத்தியானம்

1870 செப்டம்பர் 28, புதன்கிழமை மத்தியானம், பிரான்சின் லியோன் நகரத்தில் அரசு ஒழிக்கப்பட்டது. அவசரக் கோலம் எல்லாம் இல்லை. முறைப்படி போஸ்டர் அச்சடித்து, சுவர்களில் ஒட்டி, பிறகு நகரமன்றத்துக்குள் புகுந்து, மாடத்தில் நின்று ஒரு பூச்சுவேலைக்காரர் உரக்க அறிவித்து, ஒழித்தார்கள்.

போஸ்டரின் முதல் ஷரத்து: அரசின் நிர்வாக இயந்திரம் செயலற்றுப் போய்விட்டதால் அது ரத்து. இரண்டாவது: சிவில், கிரிமினல் கோர்ட்டுகளுக்கு விடுமுறை, இனி நியாயம் மக்களே சொல்லிக்கொள்வார்கள். மூன்றாவது: வரியும் அடமானத் தவணையும் கட்ட வேண்டாம். நான்காவது: அரசே இல்லை என்று ஆகிவிட்டபடியால், தனியார் கடனை வசூலித்துக் கொடுக்கவும் அது வர முடியாது.

நான்காவது ஷரத்தைப் படித்தவுடன், இதில் யார் கை இருக்கிறது என்று ஐரோப்பாவில் பல பேருக்குப் பளிச்சென்று புரிந்திருக்கும். கையெழுத்துப் போட்டவர்களில் ஒருவர் மிகயீல் பக்கூனின். வயது 56. ரஷ்ய ஜமீன் வாரிசு. உயரம் ஆறடிக்கு மேல், அகலம் அதற்குச் சளைத்ததல்ல. சிறையில் ஸ்கர்வி வந்து பல் போய்விட்டது. ஐரோப்பாவின் ஒவ்வொரு பெரிய ஊரிலும் யாரிடமாவது கைமாற்று வாங்கியிருப்பார். லியோனுக்கு வந்ததும் அப்படித் திரட்டிய காசில்தான். கடன்காரர்களிடமிருந்து தப்பிக்க ஊரை விட்டு ஓடுபவர்கள் உண்டு. கடனை வசூலிக்கும் அரசையே ஒழித்த ஆசாமி எனக்குத் தெரிந்து இவர் ஒருவர்தான்.

நிலவரம் என்னவோ சாதகம்தான். அந்த மாதம் 2ஆம் தேதி செடான் போர்க்களத்தில் பிரெஞ்சுச் சக்கரவர்த்தி மூன்றாம் நெப்போலியன் பிரஷ்யர்களிடம் சிக்கிக்கொண்டார். 4ஆம் தேதி பாரிஸ் எழுந்து முகம் கழுவுவதற்குள் லியோன்காரர்கள் குடியரசு அறிவித்துவிட்டார்கள். ஸ்விட்சர்லாந்தில் லொகார்னோவில் உட்கார்ந்திருந்த பக்கூனின், வாசனை பிடித்துக்கொண்டு 15ஆம் தேதி வந்து இறங்கினார். வேலையில்லாதவர்களுக்காக நகரமன்றம் நடத்திய பணியிடங்களில் தினக்கூலியை 3 பிராங்கிலிருந்து இரண்டரையாகக் குறைத்திருந்தார்கள். அரை பிராங்க் வெட்டினால் என்ன ஆகும் என்று தெரியாத நிர்வாகம் ஒழிந்தால் ஒழியட்டும் என்பது நியாயமான கட்சிதான்.

28ஆம் தேதி தொழிலாளர்கள் தெரோ சதுக்கத்தில் திரண்டு நகரமன்றத்துக்குள் நுழைந்தார்கள். புரட்சிப் படைக்குத் தளபதியாகக் குளூஸெரே என்பவரைப் போட்டார்கள். அமெரிக்க உள்நாட்டுப் போரில் வடக்கர் பக்கம் நின்று ஜெனரல் பட்டம் வாங்கியவர். பட்டு நெசவாளர்கள் வசிக்கும் க்ருவா ரூஸ் மேட்டுக்குப் போய் ஆட்களைக் கூட்டி வரச் சொல்லி அவரை அனுப்பினார்கள். அவர் போனார். போனவர் வருவதற்குள் பணக்காரப் பேட்டைகளின் தேசியக் காவல்படை வந்துவிட்டது. எந்த வழியாக? வாசல் வழியாக. வாசலில் காவல் வைக்க எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

இதை வைத்துப் பின்னாளில் மார்க்ஸ் கோஷ்டி அடித்த கிண்டல் பிரசித்தம். அரசு என்பது இரண்டு கம்பெனி தேசியக் காவலர் வேஷம் போட்டுக்கொண்டு, காவல் வைக்க மறந்த கதவு வழியாக உள்ளே வந்தது என்று 1873இல் ஒரு பிரசுரத்தில் எழுதிவிட்டார்கள். புரட்சிக்காரர்கள் ஒருவரை ஒருவர் திட்டிக்கொள்வதில் காட்டிய திறமையில் கால்வாசியைக் கதவுக்குத் தாழ்ப்பாள் போடுவதில் காட்டியிருந்தால் ஐரோப்பாவின் வரலாறே வேறு.

ஒழிக்கப்பட்ட அரசின் மேயர் ஆட்கள் பக்கூனினைப் பிடித்து, கையை முறுக்கி, பையில் இருந்த பணத்தைப் பறித்துக்கொண்டு, நிலவறையில் தள்ளினார்கள். தோழர்கள் வந்து மீட்டார்கள். சாயங்காலத்துக்குள் எல்லாம் முடிந்தது. மறுநாள் அவர் மார்செய்க்குக் கம்பி நீட்டினார். அங்கே சில வாரம் பதுங்கியிருந்து, தாடியையும் தலையையும் மழித்து, நீலக் கண்ணாடி மாட்டிக்கொண்டு ஜெனோவாவுக்குக் கப்பல் ஏறினார்.

மாறுவேஷம் அவருக்குப் புதிதல்ல. தோல்வியும்தான். இந்த மனிதரின் அருமை தெரிய வேண்டுமானால் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

பிறந்தது 1814, த்வேர் மாகாணத்தில் ப்ரியாமுகினோ என்ற பண்ணையில். வீடு நிறைய சகோதர சகோதரிகள், வேலைக்கு நூற்றுக்கணக்கான பண்ணையடிமைகள். பீரங்கிப் படைப் பள்ளிக்கு அனுப்பினார்கள். பையனுக்குப் பீரங்கி பிடிக்கவில்லை, ஹெகல் பிடித்தது. படையை விட்டுவிட்டு மாஸ்கோவில் தத்துவம் பேசித் திரிந்து, 1840இல் ஹெர்சன் என்ற நண்பரிடம் கைமாற்று வாங்கிக்கொண்டு பெர்லினுக்குப் படிக்கப் போனார். அங்கே நாவலாசிரியர் துர்கனேவோடு ஒரே வீட்டில் வாசம். பேச்சில் மலையைப் பெயர்த்து, செயலில் கல்லைக்கூட நகர்த்தாத, துர்கனேவின் 'ரூதின்' பாத்திரத்துக்கு நம் ஆசாமிதான் மாதிரி என்பார்கள். எனக்கு அதில் பாதி உடன்பாடு. இவர் மலையைத் தள்ளத்தான் செய்தார். அது ஒவ்வொரு தடவையும் அவர் மேலேயே விழுந்தது.

1844இல் ஜார் ஊருக்குத் திரும்பக் கூப்பிட்டார். இவர் போகவில்லை. ஆள் இல்லாமலே பட்டத்தைப் பறித்து சைபீரியக் கடுங்காவல் விதித்தார்கள். 1847இல் போலந்துக்காகப் பேசினார் என்று பாரிசிலிருந்து விரட்டினார்கள். 1848 பிப்ரவரியில் அதே பாரிசில் புரட்சி வெடித்ததும் உடனே திரும்பி வந்தார். புரட்சி அரசின் போலீஸ் தலைவர் கோசிதியேர் இவரைப் பார்த்துவிட்டு, இந்த மனிதர் புரட்சியின் முதல் நாளில் பொக்கிஷம், இரண்டாம் நாள் சுட்டுவிட வேண்டியவர் என்று சொன்னதாகக் கதை. புதிய அரசு அதைவிடச் சிக்கனமான வழி கண்டுபிடித்தது. கையில் கொஞ்சம் பணம் கொடுத்து, போய் வேறு நாட்டில் புரட்சி செய்யுங்கள் என்று வண்டி ஏற்றிவிட்டது.

அந்த வருஷக் கோடையில் கொலோன் நகரத்தில் மார்க்ஸ் நடத்திய பத்திரிகை, பக்கூனின் ரஷ்ய உளவாளி, அதற்கு ஆதாரம் எழுத்தாளர் ஜார்ஜ் ஸாந்திடம் இருக்கிறது என்று ஒரு துணுக்கு போட்டது. அந்த அம்மாள் அப்படி எதுவும் தன்னிடம் இல்லை என்று மறுப்பு எழுதினார். பத்திரிகை மறுப்பையும் போட்டது. ஆனால் வதந்திக்கு இருந்த கால் மறுப்புக்கு இல்லை. வதந்தி ஜென்மத்துக்கும் அவர் பின்னாலேயே வந்தது.

1849 வசந்தத்தில் டிரெஸ்டன் நகரத்தில் பெயரை மாற்றிக்கொண்டு ஒளிந்திருந்தார். ஒளிந்திருந்தார் என்பது மரியாதைக்கு. அரண்மனை இசைக்குழுவின் நடத்துநர் ரிச்சர்ட் வாக்னரோடு ஊர் சுற்றினார். வாக்னர் தன் சுயசரிதையில் இதைப் பக்கம் பக்கமாக எழுதியிருக்கிறார். வீட்டுக்குச் சாப்பிட வந்த விருந்தாளிக்குத் திருமதி வாக்னர் சாஸேஜையும் இறைச்சியையும் மெல்லிசாக நறுக்கி வைத்தாராம். சாக்ஸனி வழக்கப்படி அதை ரொட்டி மேல் பார்த்துப் பார்த்துப் பரப்பிக்கொள்ள வேண்டும். பக்கூனின் ரொட்டியைத் தொடாமல் தட்டில் இருந்ததை மொத்தமாக அள்ளி வாயில் போட்டுக்கொண்டார். திருமதி வாக்னரின் முகத்தைக் கற்பனை செய்து பாருங்கள். அதே மனிதர் இன்னொரு ராத்திரி, வாக்னருக்குக் கண் கூசுகிறது என்று தெரிந்ததும், விளக்குக்கு முன்னால் தன் பெரிய உள்ளங்கையை விரித்து மறைத்தபடியே ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாராம். உலகத்தையே கொளுத்த வேண்டும் என்று அப்போது பேசிக்கொண்டிருந்தார் என்பது உபரித் தகவல்.

இசை பற்றியும் யோசனை சொன்னார். வாக்னர் ஏசுநாதர் பற்றி ஒரு இசை நாடகம் எழுத நினைத்திருந்தார். அதற்கு இவர் தந்த ஆலோசனை: உச்சக் குரல் ஆண் தலையை வெட்டு என்று பாடட்டும், பெண் குரல் தூக்கில் போடு என்று பாடட்டும், கீழ்க்குரல்காரர்கள் தீ வை என்று விடாமல் பாடட்டும், போதும். ஆனால் குருத்தோலை ஞாயிறுக் கச்சேரிக்காகப் பீத்தோவனின் ஒன்பதாவது சிம்பனியை வாக்னர் ஒத்திகை நடத்தி முடித்ததும் மேடைக்கே ஓடிப் போய், வரப்போகும் பிரளயத்தில் எல்லா இசையும் அழிந்தாலும் இதை மட்டும் உயிரைக் கொடுத்தாவது காப்பாற்ற வேண்டும் என்றாராம். ஐந்து வாரத்துக்குள் கலகம் வெடித்தது. அந்தச் சிம்பனி ஒலித்த பழைய நாடக அரங்கே தீயில் போனது.

சாக்ஸனி மன்னர் அரசியல் சட்டத்தை ஏற்க மறுக்க, மே மாதம் தெருவெல்லாம் தடுப்பரண். பீரங்கிப் படிப்பு கடைசியில் பயன்பட்டது. கலகத்தை ஓரளவு ஒழுங்காக நடத்தியவர் பக்கூனின்தான். ரஃபேல் வரைந்த சிஸ்டைன் மாதா ஓவியத்தை அருங்காட்சியகத்திலிருந்து எடுத்து வந்து தடுப்பரணில் மாட்டுங்கள், படித்த பிரஷ்யர்கள் ரஃபேலைச் சுட மாட்டார்கள் என்று யோசனை சொன்னதாக ஒரு கதை. கட்டுக்கதை என்பவர்களும் உண்டு. எனக்கு அது உண்மையாக இருந்தால் பிடிக்கும். எதிரியின் நாகரிகத்தின் மேல் அவனைவிட அதிக நம்பிக்கை வைத்திருந்த தளபதி வேறு யார்?

பிரஷ்யப் படை வந்து ஊரைப் பிடித்தது. கலகத் தலைவர்கள் கெம்னிட்ஸ் என்ற ஊருக்குப் பின்வாங்கி, விடுதியில் படுத்தார்கள். பல நாள் தூக்கமில்லாத அசதி. போலீஸ் வந்து கட்டிலிலேயே கைது செய்தது. வாக்னர் வேறு இடத்தில் தங்கியதால் தப்பி, ஸ்விட்சர்லாந்து போய், உலகத்துக்கு மிக நீளமான இசை நாடகங்களைக் கொடுத்தார். அன்று பக்கத்து அறையில் படுத்திருந்தால் நிறையப் பேர் சாயங்காலம் சீக்கிரம் வீடு திரும்பியிருப்பார்கள்.

சாக்ஸனி மரண தண்டனை விதித்தது, ஆயுள் தண்டனையாகக் குறைத்தது, எங்களுக்கும் இவர் மேல் வழக்கு இருக்கிறது என்று கேட்ட ஆஸ்திரியாவிடம் தள்ளிவிட்டது. ஆஸ்திரியா ஓல்ம்யூட்ஸ் கோட்டையில் சுவரோடு சங்கிலியால் கட்டி வைத்தது, 1851 மே மாதம் தூக்குத் தண்டனை விதித்தது, அதையும் குறைத்தது, ரஷ்யாவிடம் தள்ளிவிட்டது. எல்லையில் ஆளை ஒப்படைக்கும்போது ஆஸ்திரிய அதிகாரிகள், கல்யாண வீட்டில் வாடகைப் பாத்திரத்தை எண்ணி வாங்குவதுபோல, சங்கிலி எங்கள் அரசுச் சொத்து என்று கழற்றி வாங்கிக்கொண்டு போனார்களாம். ரஷ்யர்கள் சொந்தச் சங்கிலியை மாட்டினார்கள். ரஷ்யச் சங்கிலி கனம் ஜாஸ்தி. அரசு என்றால் என்ன என்பதற்குப் பக்கூனின் பிற்பாடு எழுதிய தடித் தடிப் பிரதிகள் எதிலும் இவ்வளவு தெளிவு இல்லை.

பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையில் இருந்தபோது ஜார் முதலாம் நிக்கலஸ் ஒரு ஆள் அனுப்பினார். கைதி அரசனுக்கு எழுதுவதாக நினைக்க வேண்டாம், பாவமன்னிப்புக் கேட்கும் பாதிரியாருக்கு எழுதுவதாக நினைத்து எல்லாவற்றையும் எழுதட்டும் என்று சேதி. பக்கூனின் எழுதினார். நூறு பக்கத்துக்குக் கிட்டத்தட்ட. தன்னைப் பாவி என்றார், மேற்கு ஐரோப்பாவைத் திட்டினார், ஜாரே ஸ்லாவிய மக்களுக்குத் தலைமை தாங்கலாமே என்ற அர்த்தத்தில் ஜாருக்கே யோசனையும் சொன்னார். காட்டிக்கொடுக்க வேண்டிய பெயர்களை மட்டும் சொல்லவில்லை. நிக்கலஸ் பரீட்சைப் பேப்பர் திருத்தும் சிரத்தையோடு ஓரத்தில் குறிப்பு எழுதி முழுசும் படித்தார். பையன் நல்லவன், கெட்டிக்காரன், ஆனால் ஆபத்தானவன், பூட்டியே வையுங்கள் என்பது அவர் முடிவு.

1921இல் சோவியத் ஆவணக் காப்பகத்திலிருந்து இது வெளியே வந்தபோது பக்கூனின் பக்தர்கள் தலையில் கை வைத்துக்கொண்டார்கள். எனக்கென்னவோ இதில் வெட்கப்பட ஒன்றும் தெரியவில்லை. மூன்று நாட்டுச் சிறைகளில் கட்டுண்டு கிடந்தவன் வெளியே வரப் பொய்யழுகை அழுதால் அழுதுவிட்டுப் போகட்டும். அந்தப் பொய்யில் நிஜமும் கலந்திருந்தது என்பதுதான் பக்தர்களுக்கு உறுத்தல்.

நிக்கலஸ் 1855இல் கண்ணை மூடினார். 1857இல், தாயாரின் மனுக்களுக்குப் பிறகு, சைபீரியாவுக்கு நாடு கடத்தினார்கள். தண்டனை என்று போனால், கிழக்கு சைபீரியாவின் கவர்னர் ஜெனரல் முராவ்யோவ் அம்மா வழியில் உறவுக்காரர்! அரசுக்கு எதிரி, கவர்னருக்குச் சொந்தக்காரர். அடிக்கடி விருந்து. ஒரு வியாபாரக் கம்பெனியில் வேலை பார்க்காமலே சம்பளம். 1858இல் அன்தோனியா என்ற போலந்துப் பெண்ணோடு கல்யாணம். மாப்பிள்ளைக்கு 44, பெண்ணுக்குப் பதினெட்டை ஒட்டி. அடுத்து வந்த கவர்னர் கோர்ஸாகோவும் தம்பி மனைவி வழியில் சொந்தம். நம்மூரில் பஞ்சாயத்துத் தலைவர் மச்சானாக அமைந்தால் என்னென்ன நடக்குமோ அதெல்லாம் இர்கூட்ஸ்கிலும் நடந்தது.

1861 ஜூனில் ஒரு வியாபாரியிடம் அமூர் நதிப் பக்கம் வேலையாகப் போகிறேன் என்று முன்பணம் வாங்கினார். கவர்னரிடம், நதி உறைவதற்குள் திரும்பிவிடுவேன் என்று வாக்குக் கொடுத்து, படகுகளில் இடம் தரச் சொல்லும் கடிதமும் வாங்கினார். நதி முகத்தில் நிக்கலாயெவ்ஸ்க் துறைமுகம். அங்கே ஒரு ரஷ்யக் கடற்படைக் கப்பலில் ஏறினார். அந்தக் கப்பல் ஒரு அமெரிக்கக் கப்பலை இழுத்துக்கொண்டு போனது; வழியில் இவர் முன்னதிலிருந்து பின்னதுக்கு மாறிக்கொண்டார். ஜாரின் கைதி, ஜாரின் கப்பலில், ஜாரின் கவர்னர் கொடுத்த கடிதத்தோடு தப்பிப் போனார். ஜப்பானில் ஹகோடேட் துறைமுகத்தில் கேப்டன் வைத்த விருந்தில் எதிரே உட்கார்ந்திருந்தவர் ரஷ்யக் கான்சல். பக்கூனின் ஊர் சுற்றிப் பார்க்க வந்தவர்போலப் பேசிச் சாப்பிட்டு முடித்தார்.

யோகோஹாமாவில் டிரெஸ்டன் கலகத்தில் கூட இருந்த ஓவியர் ஹைனே எதிர்ப்பட்டார். அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ போகும் கப்பலில் ஒரு ஆங்கிலேயப் பாதிரியாரைச் சிநேகம் பிடித்து, அவரிடமும் கைமாற்று. கடவுளை ஒழிக்கக் கிளம்பியவருக்கு வழிச்செலவு கடவுளின் ஊழியர் உபயம். பனாமா, நியூயார்க், பாஸ்டன். பாஸ்டன் பக்கம் கவிஞர் லாங்ஃபெல்லோவைப் பார்த்தார், அவர் டயரியில் இந்த ராட்சதரைப் பற்றிக் குறித்துவைத்தார். டிசம்பர் 27 லிவர்பூல். பிறகு லண்டனில் ஹெர்சன் வீட்டுக் கதவைத் தட்டி, பன்னிரண்டு வருஷச் சிறைக்கும் நாடுகடத்தலுக்கும் பிறகு கேட்ட முதல் கேள்விகளில் ஒன்று, இங்கே சிப்பி மீன் கிடைக்குமா என்பதாம். உலகத்தைச் சுற்றி வந்த பசி.

மனைவியைச் சைபீரியாவிலேயே விட்டுவிட்டு வந்தது கொஞ்சம் தாமதமாகத்தான் எல்லோருக்கும் உறைத்தது. அவள் பின்னால் தானே வழி பார்த்து வந்து சேர்ந்தாள்.

ஹெர்சன் எழுதிய நினைவுக் குறிப்பில் லண்டன் பக்கூனின் அப்படியே உட்கார்ந்திருக்கிறார்: மேஜை முழுக்கப் புகையிலைச் சாம்பல், சிந்திய சர்க்கரை, ஆறிப்போன தேநீர், ராத்திரி பகல் இல்லாமல் பேச்சு, நடுவில் பல தேசங்களுக்குக் கடிதம். பணம் கேட்பதில் கூச்சம் கிடையாது, கொடுப்பதிலும் கிடையாது. கையில் இருந்தால் கேட்டவருக்குக் கொடுத்துவிடுவார். 1863இல் போலந்துக் கலகத்துக்கு ஆயுதக் கப்பல் ஒன்று கிளம்பியது. இவரும் வழியில் ஏறினார். கேப்டன் பயந்து கப்பலைக் கோபன்ஹேகனுக்குத் திருப்பிவிட்டார். அதோடு அது முடிந்தது.

பிறகு இத்தாலி. அங்கேதான் முழு அனார்க்கிஸ்ட் ஆனார். கடவுளும் வேண்டாம், அரசும் வேண்டாம், ஊர் ஊராகச் சுதந்திரக் குழுக்கள் கூடி வாழட்டும். நல்லது. இந்த அதிகாரமற்ற உலகத்தைக் கொண்டுவர அவர் கையாண்ட வழி, ரகசிய சங்கங்கள். தலைமைக் குழு, அதற்குள் உள்குழு, அதற்கும் உள்ளே இன்னொன்று, ஒவ்வொன்றுக்கும் பக்கம் பக்கமாக விதிமுறைகள், சங்கேதப் பெயர்கள். அதிகாரத்தை ஒழிக்க வந்தவர் தாளில் அமைத்த அதிகார அடுக்கு எந்த ஜமீன் கச்சேரியையும் தோற்கடிக்கும். ஒரே ஆறுதல், பெரும்பாலான சங்கங்களில் விதிகளின் எண்ணிக்கை உறுப்பினர்களின் எண்ணிக்கையைவிட அதிகம்.

இந்தப் பழக்கம் விபரீதமானது 1869இல். செர்கெய் நெச்சாயெவ் என்ற 21 வயது இளைஞன் ஜெனீவாவில் வந்து நின்றான். பீட்டர்ஸ்பர்க் கோட்டைச் சிறையிலிருந்து தப்பி வந்திருக்கிறேன், ரஷ்யா முழுக்க எங்கள் ரகசியக் குழு என்றான். இரண்டும் புளுகு. பக்கூனின் உருகிப் போனார். தன் பங்குக்கு ஒரு அட்டை எழுதிக் கொடுத்தார்: இதைக் கொண்டுவருபவர் உலகப் புரட்சிக் கூட்டணியின் ரஷ்யப் பிரிவுடைய அங்கீகரிக்கப்பட்ட பிரதிநிதி, எண் 2771. அப்படி ஒரு கூட்டணி பூமியில் கிடையாது. முன்னால் இருக்க வேண்டிய 2770 பேரும் கிடையாது. இல்லாத சங்கத்தின் தலைவர், இல்லாத சங்கத்தின் இன்னொரு தலைவனுக்கு உறுப்பினர் அட்டை கொடுத்து, இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் நம்பினார்கள்.

இது வரைக்கும் சிரிக்கலாம். நெச்சாயெவ் அந்த அட்டையோடு மாஸ்கோ போய்க் குழு சேர்த்தான். எதிர்த்துக் கேள்வி கேட்ட இவானோவ் என்ற மாணவனை அந்த நவம்பரில் கூட்டாளிகளோடு சேர்ந்து கொன்று குளத்தில் போட்டான். தாஸ்தயெவ்ஸ்கி அதை வைத்து நாவல் எழுதினார். 2771 என்று விளையாட்டாகப் போட்ட எண்ணுக்கு இவானோவ் விலை.

அதே சமயத்தில் இன்னொரு கூத்து. பக்கூனினுக்கு வருமானம் வேண்டும் என்று நண்பர்கள் ஒரு மொழிபெயர்ப்பு வேலை பிடித்துக் கொடுத்தார்கள். 300 ரூபிள் முன்பணம். புத்தகம்? மார்க்ஸின் 'மூலதனம்', ஜெர்மனிலிருந்து ரஷ்ய மொழிக்கு. மனிதர் கொஞ்சம் பக்கம் செய்தார். பிறகு முடியவில்லை. முதல் அத்தியாயத்தைத் தாண்ட முடியாமல் கீழே வைத்த லட்சோப லட்சம் பேரின் முன்னோடி என்ற முறையில் இதற்காக அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் இல்லை. கவலை வேண்டாம், நான் பார்த்துக்கொள்கிறேன் என்றான் நெச்சாயெவ். கோடரிச் சின்னம் போட்ட கடிதத்தாளில், இடைத்தரகராக இருந்த மாணவருக்கு மிரட்டல் அனுப்பினான்: பக்கூனினைப் புரட்சி வேலைக்கு விடுவி, முன்பணத்தைக் கேட்காதே, கேட்டால் நடப்பது வேறு. 300 ரூபிள் திரும்பவே இல்லை. கடிதம் மட்டும் சுற்றிச் சுற்றி மார்க்ஸ் கைக்கு வந்து சேர்ந்தது.

1872 செப்டம்பரில் ஹேக் நகரத்தில், மார்க்ஸும் பக்கூனினும் இருந்த சர்வதேசத் தொழிலாளர் சங்கமான அகிலத்தின் மாநாடு. ரகசிய சங்கம் நடத்தினார் என்பது பக்கூனின் மேல் பிரதான குற்றச்சாட்டு. கூடவே இந்த மொழிபெயர்ப்பு மோசடி. இவர் வரவே இல்லை. நீக்கினார்கள். அகிலத்தின் தலைமையகத்தை நியூயார்க்குக்கு மாற்றினார்கள். அங்கே அது சத்தமில்லாமல் செத்தது. தொழிலாளர் இயக்கம் இரண்டாக உடைந்ததற்கு ஆழமான கொள்கைக் காரணங்கள் உண்டு. ஒரு மொழிபெயர்ப்பாளர் கெடுவைத் தவறவிட்டதும் அதில் சேர்த்தி. 'மூலதனம்' ரஷ்ய மொழியில் அதே வருஷம் வேறு இருவர் கையால் வெளிவந்தது, 3,000 பிரதி. ஜாரின் தணிக்கை அதிகாரிகள் தாராளமாக அனுமதித்தார்கள். காரணம்: இதைப் படிப்பவர் சிலர், புரிந்துகொள்பவர் அதைவிடக் குறைவு. தணிக்கைத் துறை சரித்திரத்தில் இதைவிடப் பெரிய கணக்குப் பிழை கிடையாது.

மார்க்ஸைத் திட்டும்போது பக்கூனின் யூத வெறுப்பைக் கக்கினார் என்பதையும் சொல்லியாக வேண்டும். அதில் வேடிக்கை எதுவும் இல்லை.

ஆனால் 1873இல் 'அரசுவாதமும் அனார்க்கிஸமும்' என்ற புத்தகத்தில் அவர் ஒரு விஷயம் கேட்டார். தொழிலாளர்களே ஆட்சியைப் பிடிக்கட்டும் என்கிறீர்களே, பிடித்த மறுநாள் அவர்கள் தொழிலாளர்களாக இருப்பார்களா? அமைச்சரவையிலிருந்து பார்த்தால் மற்ற தொழிலாளி சின்னதாகத்தானே தெரிவான்? மார்க்ஸ் அந்தப் புத்தகத்தை ரஷ்ய மொழியிலேயே படித்து, பத்தி பத்தியாக நோட்டில் எழுதிப் பதில் போட்டார். ஒரு ஆலை முதலாளி நகரமன்ற உறுப்பினர் ஆனதால் முதலாளியாக இல்லாமல் போய்விடுகிறானா என்ன, என்பதுபோல ஒரு மடக்கு. சாமர்த்தியமான பதில்தான். அடுத்த நூற்றாண்டு என்னவோ கேட்டவர் பக்கம் சாய்ந்தது. சென்னையில் பிறந்து, புதுச்சேரியில் பாரதியோடு 'இந்தியா' பத்திரிகையில் உழைத்து, 1920இல் தாஷ்கண்டில் இந்தியக் கம்யூனிஸ்ட் கட்சியைத் தொடங்கியவர்களில் ஒருவரான எம்.பி.டி. ஆச்சார்யா, மாஸ்கோ நடப்பைக் கிட்டத்தில் பார்த்துவிட்டு, அதே கட்சியைத் தொடங்கிய எம்.என். ராயோடு முட்டிக்கொண்டு, பெர்லின் போய் அனார்க்கிஸ்ட் ஆனார். 1954இல் பம்பாயில் சாகும் வரை அப்படியேதான் இருந்தார்.

தன் வீட்டுச் செலவுக் கணக்கையே எழுதத் தெரியாத ஒருவர், நாட்டை நிர்வாகம் செய்ய எங்களுக்குத் தெரியும் என்று கிளம்பியவர்களை நம்பாதே என்றார். அனுபவம் பேசியது. எப்படிப்பட்ட அனுபவம் என்பதற்கு பரோனாத்தா.

கார்லோ கஃபியேரோ இத்தாலியில் பெரிய நிலச்சுவான்தார் வீட்டுப் பிள்ளை. அப்பா சொத்தைப் புரட்சிக்குத் தருகிறேன் என்றார். 1873இல் லொகார்னோ பக்கத்தில் ஏரியைப் பார்த்த பரோனாத்தா என்ற வீட்டை அந்தப் பணத்தில் வாங்கி, பக்கூனினைக் குடிவைத்தார். திட்டம் இது: வெளியே பார்வைக்குக் கிழவர் ஓய்வுபெற்ற பணக்காரர், உள்ளே புரட்சிக்காரர்களுக்கு ஒளிவிடம், ஆயுதக் கிடங்கு. நாடகத்தில் பணக்காரர் வேஷம். பக்கூனினுக்கு அந்த வேஷம் பிறவியிலேயே வரும். பழைய வீடு போதாது என்று மேட்டில் புது வீடு. புது வீட்டுக்குப் போகச் சாலை. தோட்டத்தில் குளம் வெட்டல். தொழுவம், பால் மாடு, வண்டிக் குதிரை. எதிலும் வரவு இல்லை. 1874 ஜூலையில் அன்தோனியா குழந்தைகளோடு வந்து சேர்ந்தபோது வாணவேடிக்கை விட்டு வரவேற்றார்கள். வேடிக்கை முடிந்து சில நாளில் கஃபியேரோ கணக்கைப் பார்த்தார். இனிச் சல்லிக்காசு கிடையாது என்றார். ஒரு இத்தாலியப் பிரபுத்துவக் குடும்பம் தலைமுறைகளாகச் சேர்த்ததை ஒரு வருஷத்துக்குள் மண்ணோடு மண்ணாக்கிய சாதனையை எந்த நில உச்சவரம்புச் சட்டமும் செய்ததில்லை.

அவமானம் தாங்காமல், தடுப்பரணில் செத்துவிடுவது என்று முடிவு கட்டி இத்தாலியின் பொலோன்யாவுக்குப் போனார். அங்கே ஆகஸ்ட் 7ஆம் தேதி ராத்திரி புரட்சி ஏற்பாடாகியிருந்தது. ஒரு அறையில் சமிக்ஞைக்காகக் காத்திருந்தார். போலீசுக்கு முன்பே தெரிந்துவிட்டது. பக்கத்து ஊரிலிருந்து கிளம்பியவர்களை வழியிலேயே மடக்கிவிட்டார்கள். சமிக்ஞை வரவில்லை. சுட்டுக்கொள்ளத் துப்பாக்கியை எடுத்தவரைக் கூட இருந்தவர் தடுத்தார். சில நாள் கழித்து அந்த ஊரிலிருந்து ஒரு வயதான பாதிரியார் வெளியேறினார். சவரம் செய்த முகம், பச்சைக் கண்ணாடி, கைத்தடி ஊன்றி நொண்டிய நடை, கையில் ஒரு கூடை முட்டை. கடவுள் என்று ஒருவர் இருந்தால் அவரையும் ஒழிக்க வேண்டும் என்று எழுதியவரை, அங்கியைக் கண்டு மரியாதையாக ஒதுங்கி வழிவிட்டிருப்பார்கள். முட்டைக்கு யார் காசு கொடுத்தார்கள் என்று எந்தச் சரித்திர ஆசிரியரும் எழுதவில்லை, யூகிக்கலாம்.

அதற்குப் பிறகும் அடங்கினாரா? லுகானோவில், தம்பிகள் அனுப்பப்போகும் பாகப்பணத்தை நம்பி, கடனில் இன்னொரு வீடு வாங்கினார். பழமும் காய்கறியும் விஞ்ஞான முறையில் விளைவித்துக் கடனை அடைப்பதாக உத்தேசம். செடிகளை நெருக்கி நட்டு, ரசாயன உரத்தை அள்ளிக் கொட்டியதில் எல்லாம் கருகிப் போயின. பாகப்பணம் வந்தது, எதிர்பார்த்ததில் கொஞ்சம்தான். இவர் செலவில் ஓட்டாண்டியான கஃபியேரோ இதற்குள் சமாதானமாகிவிட்டார். பக்கூனின் முடிக்காமல் போட்டிருந்த காகிதக் கட்டில் ஒரு பகுதியை எடுத்து, 'கடவுளும் அரசும்' என்று பெயர் வைத்து 1882இல் அச்சேற்றியதும் கஃபியேரோதான், புவியியல் அறிஞர் எலிஸே ரெக்லூவோடு சேர்ந்து. பக்கூனின் பெயரைச் சொன்னால் இன்றைக்கும் உலகம் முதலில் எடுக்கும் புத்தகம் அது.

1876இல் சிறுநீரகமும் இதயமும் மக்கர் செய்ய, பெர்ன் நகரத்து டாக்டர் நண்பரிடம் வந்து சேர்ந்தார். ஜூலை 1ஆம் தேதி போனார். ஆள் செத்தால் பதிவேட்டில் எழுத வேண்டும் அல்லவா. ஒழியாத ஸ்விஸ் அரசின் குமாஸ்தா எழுதினார். பெயர்: மிஷெல் தெ பக்கூனின். தொழில்: சொத்து வருமானத்திலும் வட்டியிலும் வாழ்பவர். வாழ்நாளில் ஒருவரிடமும் வட்டி வாங்கியதில்லை, கொடுத்ததும் இல்லை.